சம்பந்தியம்மா கயிறு இழுக்கிறார்

திரிசூலி ஆற்று மணலில் ஒரு மண்வாரிக்கு இரண்டு பேர். பிடியை இறுக்கி மணலுக்குள் குத்துவது ஒருத்தி. மண்வாரியின் கழுத்தில் கட்டிய கயிற்றை எதிரே நின்று வெடுக்கென்று இழுப்பது இன்னொருத்தி. குத்தும் இழுப்பும் ஒரே மூச்சில் சேர்ந்தால் ஈர மணல் எழும்பிப் போய்ச் சல்லடையில் விழும். கொஞ்சம் பிசகினால் குத்தியவளுக்கு மணிக்கட்டு சுளுக்கும், இழுத்தவள் மல்லாக்க விழுவாள், மணல் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

பத்துலி குத்துவாள். நந்தகலி இழுப்பாள். இருவருக்கும் தலையில் நரை கண்டு வெகுநாளாகிறது. அந்தக் கரையில் எத்தனையோ ஜோடிகள் சேர்ந்து பிரிந்துவிட்டன. இந்த ஜோடி மட்டும் பிரிந்ததில்லை. இவர்கள் வேலை செய்வதைப் பார்க்கத் தேவையில்லை. நெடுஞ்சாலையில் நின்றாலே கேட்கும்.

"இழுடி எருமை!"

"குத்துடி குருட்டுக் கோழி!"

"காலையில தின்ன களியெல்லாம் எங்கடி போச்சு? இழுடி!"

"உன் நாக்குல இருக்கிற பலம் கையில இல்லையேடி! குத்துடி!"

ஒவ்வொரு 'டி'க்கும் ஒரு வாரு மணல். வசவு நின்றால் வேலை நின்றதென்று அர்த்தம். மற்ற பெண்கள் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணி எண்ணிச் செய்கிற வேலையை இவர்கள் திட்டித் திட்டியே முடித்துவிடுவார்கள். டிப்பர் லாரி ஓட்டிகள் வந்ததும் முதலில் இவர்கள் குவியலைத்தான் கேட்பார்கள்.

மேஸ்திரி கட்க பகதூருக்கு இந்த ஜோடியால் லாபம்தான். ஆனாலும் ஒரு நல்ல வார்த்தை வாயிலிருந்து வராது. இத்தனைக்கும் அவர் நந்தகலியின் புருஷனுக்குச் சித்தப்பா மகன், இளையவர். முறைப்படி நந்தகலி அவருக்கு அண்ணி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நந்தகலி ஒருநாள் காய்ச்சல் என்று சொல்லி, "கொழுந்தனாரே, இன்னைக்கு மட்டும்" என்று லீவு கேட்டாள். "மணல்ல முறையெல்லாம் கிடையாது. இங்க நீ கூலி, நான் மேஸ்திரி. போடி, போய்க் கயிறைப் பிடி" என்றார் அவர். அன்றிலிருந்து அந்த முறையை யாரும் வாயில் எடுத்ததில்லை. ஆற்றோடு போயிற்று.

அந்த ஊர்ப் பேச்சில் ஒரு மனுசியை எதிரே நிறுத்திப் பேசுவதற்கு நாலு படி இருக்கிறது. அடிப்படி 'த'. வாடி, போடி என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். நாய்க்கும் பொடிசுகளுக்கும் பெண்டாட்டிக்கும் கூலிக்காரிக்கும் அதுதான். அதற்கு மேல் 'திமி'. சமமான ஆளுக்கும், கொஞ்சம் பழகியவர்களுக்கும். அதற்கு மேல் 'தபாயி'. அது மரியாதை. உச்சியில் 'ஹஜூர்' உட்கார்ந்திருக்கிறார். அவர் மணல் பக்கம் வருவதில்லை. பத்துலியும் நந்தகலியும் அடிப்படியிலேயே குடித்தனம் நடத்தினார்கள். சந்தோஷமாகத்தான் நடத்தினார்கள்.

பிரச்சினை பிள்ளைகளால் வந்தது. நந்தகலியின் மகன் லோகேந்திரா முக்லிங் பஜாரில் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். பத்துலியின் மகள் ரூப்சரா அதே வரிசையில் தையல் கடையில் இருந்தாள். சேதி மணலுக்கு வந்த அன்று இரண்டு அம்மாக்களும் மண்வாரியைப் போட்டுவிட்டு நின்றார்கள்.

"உன் மவன் என் பொண்ணைக் கெடுத்துட்டான்டி!"

"உன் பொண்ணுதான்டி என் மவனுக்கு மருந்து வச்சுட்டா! பஞ்சர் ஒட்டப் போனவன் இப்ப தையக்கடை வாசல்லயே நிக்கிறான்!"

ஒருத்தி மேல் ஒருத்தி மணலை வாரி இறைத்துக்கொண்டார்கள். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாகுன் மாதத்தில் கல்யாணம் என்று அங்கேயே, சல்லடைக்குப் பக்கத்திலேயே முடிவாயிற்று.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பத்துலியின் அண்ணன் ஜங்கவீர் வந்தார். ஓய்வு பெற்ற சிப்பாய். மீசையும் நிமிர்ந்த முதுகும் மட்டும் பட்டாளத்தில் மிச்சம். தங்கையை அடுப்படியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஏய் பத்துலி, காதைத் தீட்டி வச்சுக் கேளுடி. நாளையிலிருந்து அவ உனக்குச் சம்தினி. சம்பந்திக்காரி. பேரைச் சொல்லக் கூடாது. 'த' கூடாது, 'திமி'யும் கூடாது. பார்த்ததும் கை கூப்பி 'நமஸ்கார், சம்தினிஜூ'ன்னு சொல்லணும். தபாயி போட்டுத்தான் பேசணும். நீ நாலு பேர் முன்னாடி அவளை எருமைன்னா, அந்த வீட்டுல உன் பொண்ணை எருமைக் கன்னுக்குட்டிம்பாங்க. புரியுதாடி கழுதை?"

"புரியுதுங்கண்ணா" என்றாள் பத்துலி.

மருமகள் எப்படி நடத்தப்படுவாள் என்பது அவளைப் பெற்றவள் வாயில் இருக்கிறது என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் நம்புவார்கள். பத்துலியும் நம்பினாள். நந்தகலி வீட்டில் நந்தகலி மட்டுமா இருக்கிறாள்? அவள் புருஷன் மான்வீர் இருக்கிறான், நாத்தனார்கள் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டுச் சன்னல்கள் இருக்கின்றன.

மறுநாள் முற்றத்தில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். நந்தகலி புதுச் சேலை கட்டி, எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தாள். கயிறு பிடித்துக் காய்த்த கைகளைச் சால்வைக்குள் மறைத்திருந்தாள். பத்துலி சாமந்தி மாலையை அவள் கழுத்தில் போட்டாள். கை கூப்பினாள். சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து நின்றது. எப்படியும் அந்த எருமைதான் முதலில் வெடித்துச் சிரிக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்:

"நமஸ்கார், சம்தினிஜூ. தபாயி சௌக்கியமா இருக்கீங்களா?"

நந்தகலி சிரிக்கவில்லை. சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பி, சால்வை முனையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நமஸ்கார், சம்தினிஜூ" என்றாள். குரல் கம்மியிருந்தது. பத்துலி அதைக் கவனித்தாள். ரக்ஸிச் சாராயம் காய்ச்சுகிற அடுப்புப் புகை கண்ணில் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டாள். கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது. எல்லோரும் வந்தார்கள். மேஸ்திரி கட்க பகதூர் மட்டும் வரவில்லை. மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறை. லாரி லோடு இருக்கிறதென்று ஆளனுப்பிச் சொல்லிவிட்டார்.

கல்யாணச் சாப்பாடு செரித்து, வாசல் வாழைமரம் வாடி, பத்துலி மறுபடி மணலுக்கு இறங்கினாள். பனி இன்னும் ஆற்றின் மேல் கிடந்தது. நந்தகலி அவளுக்கு முன்னமே வந்து கயிற்றை நனைத்துக்கொண்டிருந்தாள். பத்துலிக்கு வயிறு குளிர்ந்தது. சேலை, மாலை, நமஸ்கார் எல்லாம் முற்றத்தோடு போயிற்று. இங்கே மணல். இங்கே நாம் ரெண்டு பேர். மண்வாரியை எடுத்துக் குத்தினாள்.

"இழுடி எருமை!"

கயிறு அசையவில்லை.

பத்துலி நிமிர்ந்தாள். நந்தகலி கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள்:

"சம்தினிஜூ, நாலு பேர் பாக்கிறாங்க."

"எந்த நாலு பேரு? பக்கத்து மண்வாரி பூல்சானியா? அவளுக்கு நம்ம வசவைக் கேக்கலைன்னா கஞ்சி இறங்காதேடி!"

"இருந்தாலும் முறைன்னு ஒண்ணு வந்துட்டுதுல்ல." நந்தகலி தரையைப் பார்த்துச் சொன்னாள்.

பத்துலிக்குச் சுருக்கென்றது. ஆனால் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. மகள் அந்த வீட்டில் இருக்கிறாள். சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினாள்.

"இ… இழுங்க, சம்தினிஜூ."

வாக்கியம் முடிவதற்குள் கயிறு இழுபட்டுவிட்டது. மண்வாரி வெறும் காற்றோடு எழும்பிற்று. அடுத்த தடவை நந்தகலி வாக்கியம் முடியட்டும் என்று காத்தாள். பத்துலி மூச்சை விட்டுவிட்டாள், மணல் வழிந்தது. 'இழுடி' என்பது சுத்தியல் அடி மாதிரி. எங்கே விழும் என்று கைக்குத் தெரியும். 'இழுங்க' ஆற்றுப் பாசி மாதிரி வழுக்கிக்கொண்டே போயிற்று. "குத்துங்க சம்தினிஜூ" என்று நந்தகலி சொன்னபோது பத்துலி எப்போது குத்துவதென்று தெரியாமல் இரண்டு தடவை குத்தினாள். கயிறு தொய்ந்தது. பத்துலி குப்புற விழுந்து வாய் நிறைய மணலோடு எழுந்தாள்.

பழைய நாளாக இருந்தால் நந்தகலி ஆறு அதிரச் சிரித்திருப்பாள். இன்று ஓடி வந்து, "அடி பட்டுச்சுங்களா?" என்று கேட்டாள். அதுதான் பத்துலிக்கு விழுந்ததை விட வலித்தது.

வெயில் ஏறியபோது மற்றவர்கள் குவியல் இடுப்பளவு நின்றது. இவர்களுடையது நாய் தோண்டிப் போட்ட மாதிரி கிடந்தது. டிப்பர் வந்து நின்று ஹாரன் அடித்தது. கட்க பகதூர் ஒரு கையில் போனும் மறு கையில் சிகரெட்டுமாக வந்தார்.

"என்னடி இது? கல்யாண விருந்து தின்னு கை மரத்துப் போச்சா? ஏய் பத்துலி, உன்னைத்தான்!"

"ரெண்டு மூணு நாளாச்சு, கை பழகணும்" என்றாள் பத்துலி.

"பழகுறதுக்கு இது உங்கப்பன் ஆறா? ஏய் நந்தகலி, நீ போய் பூல்சானி கூடக் கயிறு பிடி. பத்துலி, நீ இன்னைக்குக் கூடை சுமடி. நாளையிலிருந்து நீ மேல்கரைக்குப் போ. அங்க ஆள் குறையுது."

மேல்கரை என்பது ஆற்றில் ரெண்டு வளைவு தள்ளி. வேறு பாலம், வேறு பாதை. அங்கே போனால் நந்தகலியைப் பார்ப்பதென்றால் தீபாவளிக்கும் தசைன் பண்டிகைக்கும்தான். அதுவும் முற்றத்தில், சால்வைக்குள் கையை மறைத்துக்கொண்டு, நமஸ்கார் சொல்லிக்கொண்டு. பத்துலி நெற்றிப் பட்டையை மாட்டி மணல் கூடையை முதுகில் ஏற்றினாள். புருஷன் மலேசியாவில் காவல் வேலைக்குப் போன வருடம்கூட அவளுக்கு இப்படி நெஞ்சு அடைக்கவில்லை. அவன் போனபோது எதிரே கயிற்றைப் பிடிக்க ஒருத்தி இருந்தாள்.

மத்தியானம் பெரிய பாறை நிழலில் எல்லோரும் டப்பாவைத் திறந்தார்கள். பத்துலி நேராக நந்தகலியிடம் போய் உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கா? பூல்சானி கையில கயிறு நல்லா இருக்கா?"

"சம்தினிஜூ…"

"நிறுத்துடி உன் ஜூவை! பெரிய மகாராணி ஆயிட்டியா? ஒரு மாலை கழுத்துல விழுந்ததும் பழசெல்லாம் மறந்து போச்சா? உன்னாலதான்டி என்னை மேல்கரைக்குத் துரத்துறான். உனக்கு என்ன குறைஞ்சு போச்சு, மணல்லயாவது பழைய மாதிரி இருந்தா?"

நந்தகலி டப்பாவை மூடினாள். மறுபடி திறந்தாள். களியை ஒரு விரலால் குத்திக்கொண்டே இருந்தாள்.

"என் வீட்டுக்காரரு என்னை எப்படிக் கூப்பிடுவாரு?" என்று கேட்டாள்.

"ஏய்ம்பான்."

"மேஸ்திரி?"

"அவனும் ஏய்தான்."

"லோகேந்திரா அப்பனுக்குத் தபாயி சொல்வான். எனக்குத் திமிதான். நான் ஒண்ணும் குறை சொல்லல, எல்லா வீட்டுலயும் அப்படித்தான். கடைக்காரன், பஸ் கண்டக்டர், ஆஸ்பத்திரியில ஊசி போடுற புள்ள, அது என் மவ வயசு, எல்லாருக்கும் நான் கீழ்ப்படிதான். மூட்டை மாதிரி. அன்னைக்கு மாலை போட்டுட்டு நீ சொன்னியே, தபாயி சௌக்கியமான்னு. நீ யாரைச் சொல்றேன்னு நான் திரும்பிப் பாத்தேன்டி, பத்துலி. பின்னாடி யாருமே இல்லை."

பேச்சின் வேகத்தில் பேரும் 'டி'யும் வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. பத்துலியும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"சரி, வீட்டுல சொல்றேன். முற்றத்துல சொல்றேன். உன் நாத்தனார் காது கிழியற மாதிரி சொல்றேன். மணல்ல மட்டும் விட்டுடக் கூடாதா?"

"மணல்லதானே நான் இருக்கேன்?" என்றாள் நந்தகலி. "விடிஞ்சா இங்க. இருட்டுற வரைக்கும் இங்க. முற்றத்துல நான் எப்ப நின்னேன்? கல்யாணத்துக்கு நின்னேன். இனி எவன் சாவுக்கு நிப்பேனோ!"

பத்துலி வாயில் போட்ட களியை மெல்லாமல் வைத்திருந்தாள். தனக்கு யார் தபாயி சொல்லியிருக்கிறார்கள் என்று யோசித்தாள். அண்ணன் கழுதை என்றார். புருஷன் போனில் 'ஏய், பணம் வந்துச்சா' என்பான். வேறு யார்?

"எனக்கு ஒருத்தி சொல்றா" என்றாள்.

"யாரு?"

"போனுக்குள்ள இருக்கிறவ. மலேசியாவுக்குப் போட்டு அவன் அணைச்சு வச்சிருந்தா வருவாளே. 'தபாயி தொடர்பு கொள்ள விரும்பிய எண்'ன்னு தேனா ஒழுக விடுவா. நானும் 'சரிங்கம்மா'ன்னு சொல்லி வைப்பேன்."

நந்தகலிக்குச் சிரிப்பு மூக்கில் ஏறிற்று. களி புரையேறி, பத்துலி அவள் முதுகில் ஓங்கி ஓங்கி அடிக்க வேண்டியதாயிற்று. பூல்சானி இருந்த இடத்திலிருந்து, "சம்பந்திங்க அடிச்சுக்கிறாங்கடி!" என்று கத்தினாள்.

சிரிப்பு அடங்கியதும் பத்துலி கையைக் கழுவினாள். உனக்குத் தபாயி வேண்டும், எனக்குக் கயிற்றின் மறுமுனையில் நீ வேண்டும், ரெண்டுக்கும் நடுவில் அந்த மேஸ்திரி நிற்கிறான் என்று நினைத்தபடி தூரத்தில் நின்ற கட்க பகதூரைப் பார்த்தாள். அவர் டிப்பர் ஓட்டியோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த ஓட்டியின் ஊரில்தான் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் அவனிடம் மட்டும் பல் தெரியச் சிரிப்பார்.

"ஆமா, மேஸ்திரி உன் மவனுக்கு என்ன முறை?"

"சித்தப்பன். தெரிஞ்சதுதானே?"

"அப்ப எனக்கு?"

நந்தகலி வாயைத் திறந்தாள். மூடவில்லை.

மாப்பிள்ளையின் அப்பன் சம்பந்தி என்றால் சித்தப்பனும் சம்பந்திதான். அதில் யாரும் வாதாட முடியாது. கல்யாணத்துக்கு அவர் ஏன் வரவில்லை என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிற்று. வந்திருந்தால் ஊர் முன்னால் பத்துலிக்குக் கை கூப்பியிருக்க வேண்டும். கூப்பிய கையை மறுநாள் மணலில் எப்படி நீட்டி 'ஏய்' என்பது? லாரி லோடாம், லோடு!

"வேண்டாம்டி" என்றாள் நந்தகலி. "ரெண்டு பேரையுமே துரத்திடுவான்."

"துரத்தட்டுமே. நீ டப்பாவைக் கழுவு."

பத்துலி ஆற்றில் இறங்கி முகம் கை கால் கழுவினாள். தலைத்துணியை உதறி மறுபடி ஒழுங்காகக் கட்டினாள். தன் டப்பாவில் மகள் கல்யாணத்துக்கு அரிசி மாவில் வளையம் வளையமாகச் சுட்டதில் மிச்சமிருந்த சேல் ரொட்டி ரெண்டு இருந்தது. அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டாள். பாறைக்குப் பாறை தாண்டி, எல்லாப் பெண்களும் பார்க்க, கட்க பகதூருக்கு முன்னால் போய் நின்றாள். ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கூப்பினாள். அக்கரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"நமஸ்கார், சம்திஜூ!"

கட்க பகதூர் அவளைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார்.

"என்னடி கூத்து இது? போய்க் கூடையை எடு."

டிப்பர் ஓட்டி வாயில் வைத்த பீடியை எடுத்தான்.

"மேஸ்திரி, இந்தம்மா சம்தினியா தபாயிக்கு?"

"அவரு அண்ணன் மவனுக்குத்தான் என் பொண்ணைக் கொடுத்திருக்கேன்" என்றாள் பத்துலி, கூப்பிய கையை இறக்காமல். "கல்யாணத்துக்கு வர முடியல. வேலை. பெரிய மனுசருக்கு ஆயிரம் ஜோலி இருக்கும்."

"சம்தினிக்கு 'டி'யா போடுவாங்க உங்க பக்கத்துல?" என்று ஓட்டி கேட்டான். வம்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதுதான் கட்க பகதூரை வேர்க்க வைத்தது. நாளைக்கு இந்த ஆள் ஊருக்குப் போய் என்ன சொல்வான்? அந்த வீட்டில் சம்பந்திக்கு மரியாதை கிடையாது என்றால், எவன் பெண் எடுப்பான்?

கை கூப்பலாம் என்றால் ஒரு கையில் போன், ஒரு கையில் சிகரெட். போனைச் சட்டைப் பையில் போட்டார். அது விழுந்து மணலில் செருகிற்று. சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு கை கூப்பினார். புகை கண்ணில் ஏறிற்று. சிகரெட்டைத் துப்பிவிட்டு, மறுபடி கூப்பினார்.

"நமஸ்கார்…" என்றார். "சம்தினிஜூ."

"தபாயி சௌக்கியம்தானே?"

"சௌக்கியம். தபாயி… தபாயி சௌக்கியமா?"

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேனுங்க. இந்தாங்க, கல்யாணத்து ரொட்டி. உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்."

அவர் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வேறு வழி இல்லை.

"சம்திஜூ" என்றாள் பத்துலி, "ஒரு சின்ன விசயம். என் சம்தினியும் நானும் ஒரே மண்வாரியில நிக்கணும். மேல்கரை எனக்கு ஒத்துக்காது. பொண்ணைக் கொடுத்த வீடு இங்க இருக்கு. நான் ரெண்டு வளைவு தள்ளிப் போனா ஊர் என்ன பேசும்? சம்பந்தியே சம்பந்தியைத் துரத்திட்டாரும்பாங்க."

கட்க பகதூர் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சாயங்காலத்துக்குள்ள ஒரு டிப்பர் ரொம்பணும். ரொம்பலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது… சம்தினிஜூ."

அது நியாயம்தான். மணல் யாருக்கும் சம்பந்தி இல்லை.

மறுபடி எதிரெதிரே நின்றார்கள். நந்தகலி கயிற்றைக் கையில் ரெண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். முகத்தில் பயம் இருந்தது. பத்துலி பிடியைப் பிடித்து யோசித்தாள். 'இழுங்க' வேண்டாம். அது வழுக்கும். 'டி'யும் வேண்டாம். அவள் எந்த மரியாதைக்காகத் திரும்பிப் பார்த்தாளோ அந்த மரியாதையையே போட்டால் என்ன?

"சம்தினி…" என்று மண்வாரியை மணலுக்குள் இறக்கினாள். உடம்பு பாரத்தை முழுக்க அதில் வைத்தாள்.

"ஜூ!"

நந்தகலியின் கை தானாக வெட்டி இழுத்தது. மணல் எழும்பிப் போய்ச் சல்லடையில் சரேலென்று விழுந்தது.

இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"சம்தினி…"

"ஜூ!"

"சம்தினி…"

"ஜூ!"

நந்தகலியே 'ஜூ'வை எடுத்துக்கொண்டாள். முந்தின 'டி'யை விட இது இன்னும் வாகாக இருந்தது; குத்துவதற்கு நீளம், இழுப்பதற்கு ஒரு வெட்டு. வேகம் பிடித்ததும் பத்துலிக்கு நாக்கு அரிக்கத் தொடங்கிற்று. வெறும் மரியாதையோடு அவளால் எவ்வளவு நேரம் இருக்க முடியும்?

"தபாயியோட எருமைக் கையைக் கொஞ்சம் வேகமா அசைச்சருளணும், சம்தினி…"

"ஜூ! தபாயியோட குருட்டுக் கண்ணு மணல் எங்க இருக்குன்னு பாத்தருளுமா, சம்தினி…"

"ஜூ! தபாயி காலையில களி எத்தனை சட்டி சாப்பிட்டருளினீங்க?"

பூல்சானி சிரித்துச் சிரித்துச் சல்லடையின் மேலேயே சாய்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அடுத்த மண்வாரியிலும் 'சம்தினி… ஜூ' தொடங்கிற்று. அவர்கள் ரெண்டு பேரும் ஒருத்திக்கொருத்தி ஓர்ப்படி முறை. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. குவியல் முழங்காலிலிருந்து இடுப்புக்கும் இடுப்பிலிருந்து மாருக்கும் வந்தது.

வெயில் சரிந்தபோது கட்க பகதூர் டிப்பருக்குப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். பழக்கம் வாயை முந்திற்று.

"ஏய் நந்தக…"

பத்துலி மண்வாரியை ஊன்றி நிமிர்ந்தாள்.

"உங்க அண்ணியையா கூப்பிடுறீங்க, சம்திஜூ?" என்று பணிவாகக் கேட்டாள்.

டிப்பர் ஓட்டி திரும்பிப் பார்த்தான். கட்க பகதூர் தொண்டையைக் கனைத்தார். ஆற்றைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். மரியாதை அவர் வாயிலிருந்து பல் பிடுங்குகிற மாதிரி வெளியே வந்தது.

"அண்ணி… லாரி புறப்படணும். தபாயி கொஞ்சம் சீக்கிரம் இழுத்துக் கொடுங்க."

நந்தகலி திரும்பிப் பின்னால் பார்க்கவில்லை. இந்தத் தடவை யாரைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். இழுக்க மறந்துவிட்டாள். பத்துலி குத்திய மண்வாரி பாதி மணலோடு அந்தரத்தில் நின்று கையைச் சுளுக்கிற்று.

"காது குளிர்ந்தது போதுமுங்க, கையும் கொஞ்சம் அசையட்டும், சம்தினி…"

"ஜூ!" என்று நந்தகலி இழுத்தாள். அன்றைக்கு விழுந்ததிலேயே பெரிய வாரு அதுதான். பாதி சல்லடையைத் தாண்டிப் பூல்சானி தலையில் போய் விழுந்தது.

டிப்பர் ரொம்பிற்று.

இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக எல்லோரும் தொங்கு பாலத்தில் ஏறினார்கள். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். இவர்கள் ரெண்டு பேரும் கடைசி. நடுப் பாலத்தில் காற்று அடித்துப் பாலம் ஆடிற்று. பத்துலிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்தாள்.

"மெதுவாப் போங்க, சம்தினிஜூ" என்றாள்.

நந்தகலி நின்றாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். கீழே திரிசூலி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"வேகமா வாடி கிழட்டுக் கோழி" என்றாள். "உன் பொண்ணு இன்னைக்குக் கோழிக்கறி வைக்கிறேன்னு சொன்னா. ஆறிடப் போகுது."

பத்துலி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நாலு பேர் பாக்கலையா?"

"மீன்தான்டி பாக்குது. அதுக்கு முறையெல்லாம் தெரியாது."

அக்கரையில் டீக்கடை வெளிச்சம் தெரிந்தது. பாலத்தின் கடைசிப் பலகையில் கால் வைப்பதற்கு முன்னால் நந்தகலி தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். பத்துலியும் சரிசெய்துகொண்டாள். டீக்கடைப் பெஞ்சில் மான்வீர் உட்கார்ந்திருந்தான். கூடவே ரெண்டு நாத்தனார்களும்.

"வாங்க, சம்தினிஜூ" என்றாள் நந்தகலி எல்லோருக்கும் கேட்க. "தபாயி முதல்ல வாங்க."

"அதெப்படி, தபாயி முதல்ல" என்றாள் பத்துலி.

பின்னால் சைக்கிளோடு ஏறியவன் மணி அடித்துக்கொண்டே நின்றான். ரெண்டு பேரும் நகர்கிற மாதிரி தெரியவில்லை.